யோகன் வாங்கி வைத்த சில்லுகள்

அம்பிட்டிய, கண்டி.

அன்பு மகள் ஞானேஸ்வரிக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மனதைப் பற்றிக் கேட்காதே. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் கனடாக் குளிரில் சுகமாக இருக்கவேண்டும் என்று பிள்ளையாரிடம் சொல்லியிருக்கிறேன். போனில் சொன்னால் அப்பா காதிலும் விழும், அதனால்தான் எழுதுகிறேன்.

தம்பி யோகன் போனபிறகு அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறாய், இருக்கிறார் என்று மட்டும் சொல்லி வந்தேன். உண்மையில் அவர் பேச்சையே விட்டிருந்தார். டெங்குக் காய்ச்சல் யோகனைக் கொண்டுபோன அன்றும் அவர் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கூப்பிட்டால் வந்து சாப்பிடுவார், பிறகு முன் அறைக் கதிரையில் போய் உட்காருவார், அவ்வளவுதான். அந்தப் பழைய லான்சர் காருக்கு யோகன் ஸ்பிரிங் மாற்றித் தரையோடு தரையாக இறக்கியபோது இருவருக்கும் நடந்த சண்டை உனக்கு நினைவிருக்கும். மலை ரோட்டில் ஓடுகிற காரா இது என்று கத்திவிட்டு அப்பா அவன் இருந்தவரை அதில் ஏறவேயில்லை, பஸ்ஸில்தான் போய்வந்தார்.

போன மாதம் யோகனின் அறையைக் கூட்டும்போது கட்டிலுக்கு அடியில் நான்கு பெரிய அலோய் சில்லுகள் இருந்தன, புது டயரோடு, சுற்றிய பிளாஸ்டிக்கூடப் பிரிக்காமல். காய்ச்சலுக்கு முன்னால் வாங்கி வைத்திருக்கிறான். அப்பா ஒன்றை வெளியே உருட்டிக்கொண்டு போய்க் காருக்குப் பக்கத்தில் நிறுத்தி வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இத கார்ல பூட்டணும்" என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த பேச்சு, நான் மறுக்கவில்லை. கட்டுகஸ்தோட்டையில் கராஜ் வைத்திருக்கும் பாயிஸிடம் போனோம், யோகனின் கூட்டாளிதான். அவன் குனிந்து பார்த்துவிட்டு, "அங்கிள், வாகனம் இவ்வளவு பதிஞ்சி ஈக்கி, இந்தப் பெரிய டயர் போட்டா வளைவுல மட்கார்டுல ஒரசும். பழைய ஸ்பிரிங்கப் போட்டு ஒசத்தினாத்தான் சரிவரும்" என்றான். அப்பா, "அவன் எறக்கி வச்சத நான் ஏத்த மாட்டேன் தம்பி, இப்படியே பூட்டுங்க" என்று சொல்லிவிட்டார். பாயிஸ் மட்கார்டின் உள்விளிம்பைத் தட்டி மடக்கி ஒருமாதிரிப் பூட்டிக் கொடுத்தான், பின்னால் பாரம் ஏற்றவேண்டாம் என்று என்னிடம் தனியாகச் சொன்னான்.

புசல்லாவைக்கு உன் அத்தையைக் கூட்டிவரப் போனோம். போகும்போது ஒன்றுமில்லை. வரும்போது அத்தையும் அவள் மரக்கறி மூட்டைகளும் பின்னால் ஏறியதும் வளைவுக்கு வளைவு உரசியது, ரப்பர் தீய்ந்த வாசம் வந்தது. அப்பா ஓரமாக நிறுத்தி இறங்கி, டயரைத் தடவிப் பார்த்தார். பக்கவாட்டில் அறுத்ததுபோல் கோடு விழுந்திருந்தது. சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து அதைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "புது டயரு பாலாம்பிக, புள்ள ஒரு தடவகூட ஓட்டிப் பாக்கல" என்று என்னைப் பார்த்துச் சொன்னவர் ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். மேலே மலையில் தேயிலைக் கொழுந்தெடுத்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அத்தை எழுப்பப் போனாள், விடுங்க அண்ணி, அழட்டும் என்றேன். அங்கிருந்து மெதுவாக உருட்டிக்கொண்டு நேரே பாயிஸிடம்தான் வந்தோம். "ஒசத்திருங்க தம்பி" என்றார் அப்பா.

இப்போது அந்தச் சில்லுகளோடு கார் உயர்ந்து அழகாக நிற்கிறது, எங்கும் உரசவில்லை. அப்பாவும் நேற்றுக் குழம்பில் உப்புக் குறைவு என்றார், எனக்கு அது போதும். ஒன்றை மட்டும் உன்னிடம் சொல்கிறேன். யோகன் வேலைவிட்டு வந்து நம் வாசல் மேட்டில் ஏற்றும்போது காரின் அடி சீமெந்தில் கரகரவென்று உராயும். அடுப்படியில் அது கேட்டதும் நான் சோற்றைப் போட்டு வைப்பேன். இப்போது கார் சத்தமே இல்லாமல் ஏறி வந்து நிற்கிறது. அப்பா செய்தது சரிதான், அதனால் அவரிடம் இதைச் சொல்லவில்லை, நீயும் சொல்லிவிடாதே.

தம்பி முகத்தைப் பார்க்க வரமுடியவில்லையே என்று உன்னை நீயே வருத்திக்கொள்ளாதே தாயி, வேளைக்குச் சாப்பிடு. பனி விழுமுன் டயர் மாற்றவேண்டும் என்றாயே, தள்ளிப்போடாமல் மாற்று. நீங்கள் மூவரும் நோய்நொடி அண்டாமல் நீண்ட ஆயுசோடு இருக்கவேண்டும், பேரப்பிள்ளைக்கு முத்தங்கள்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா பாலாம்பிகை