கறுப்பனுக்கு யாரும் சொல்லாத சட்டம்

வீட்டை விட்டுப் போயும் என் நினைவின் நடுக்கூடத்தை விட்டுப் போகாத தனத்துக்கு,

உன் முதலாம் ஆண்டுப் படையல் நடந்து முடிந்தது. நல்லபடியாக நடந்தது என்று எழுதவே விரும்பினேன். ஆனால் நடக்காததை நடந்ததாக எழுதிப் பழக்கமில்லாதவன் நான். உனக்கு எழுதும்போது அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள மனமில்லை. ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். நடுவில் எங்காவது நீ சிரித்தால், அதை நான் குறையாகக் கொள்ளமாட்டேன்.

முதலில் ஊர்ச் செய்தி. நீ போன சில மாதங்களில் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆட்சி கைமாறியது. கொம்யூன் மேரி என்கிற நகராட்சிக் கட்டடத்தின் மேல் கொடி மாறிவிட்டது. உள்ளே மேசைகளும், மேசைக்குப் பின்னால் இருப்பவர்களும் பெரும்பாலும் பழையபடியேதான். இந்திய நிர்வாகம் வந்துவிட்டது, சட்டப்படியான உரிமை மாற்றம் இன்னும் வந்து சேரவில்லை. என்னைத் தேடி வருகிற வில்லியனூர்க்காரர்கள் உட்கார்ந்ததும், "இப்போ எங்களுக்கு எந்தச் சட்டம் வக்கீலய்யா?" என்றுதான் கேட்கிறார்கள். சில நேரம் எனக்கே உறுதியாகத் தெரிவதில்லை. தெரியாது என்றே சொல்லி அனுப்புகிறேன்.

உன் பிறந்த ஊருக்குப் போகும் வழியில் எல்லையில் இருந்த சுங்கச் சாவடியும் போய்விட்டது. பாதையை மறித்துக் கிடந்த கட்டையைப் பிடுங்கி எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு முறை மடுகரைக்குப் போகும்போதும் நீ அங்கே மூட்டையைப் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. புட்டு மாவைக் கிளறிப் பார்த்த காவலரிடம், "உப்பு சரியா இருக்குதா பாத்துச் சொல்லுங்க" என்று நீ சொன்னதும், அவர் கையை உதறிக்கொண்டு தள்ளி நின்றதும் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. அந்தக் கட்டை விழுந்து கிடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

வீட்டை இப்போது என் அக்கா பார்த்துக்கொள்கிறாள். பாகூரில் இருந்த தன் வீட்டைப் பூட்டிவிட்டு எங்களுக்காக வந்து இருக்கிறாள். அவளைப் பற்றி நான் எதுவும் குறைவாக எழுதினால் அது நன்றி மறந்ததாகும்.

கொல்லையில் நீ கஞ்சி ஊற்றி வளர்த்த செவலை நாய், சாலையில் லாரியில் அடிபட்டுச் செத்தது. அதன் குட்டிகளில் மிஞ்சியது ஒரு கறுப்புக் குட்டி. நம் மல்லிகா அதைத் தூக்கி வந்து கறுப்பன் என்று பெயர் வைத்தாள். நீ போன பிறகு அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்தாள். கேட்டதற்குப் பதில் உண்டு. தானாக ஒரு சொல் இல்லை. ஆனால் அந்தக் குட்டியிடம் பேசினாள். பள்ளியில் யார் யாரைக் கிள்ளினார்கள், யாருடைய பலகை உடைந்தது, எல்லாம் அதற்குத்தான் தெரியும். நான் முன்னறையில் வழக்குக் கட்சிக்காரர்களின் காகிதங்களைப் பிரித்து வைத்துக்கொண்டு, காதை மட்டும் அந்தப் பக்கம் கொடுத்திருப்பேன்.

நாய் வீட்டுக்குள் இருக்கலாமா என்பதில் அக்காவுக்கும் எனக்கும் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. உள்ளே அசுத்தம் செய்யாதவரை இருக்கலாம். மல்லிகா அதை ஏற்றுக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். குட்டி தூங்கி எழுந்தால் கொல்லைக்கு, கஞ்சி குடித்தால் கொல்லைக்கு. போக வேண்டிய இடத்தில் போனால் தலையைத் தடவி ஒரு வாய் பொரி. சில வாரங்களில் அது தானாகவே பின்கதவைப் பிராண்டத் தொடங்கிவிட்டது. "பழகிடுச்சுப்பா" என்று, நான் கேட்காமலே, என்னிடம் வந்து சொன்னாள். அன்று நான் கோர்ட்டில் தோற்றிருந்தேன். தோற்றது மறந்துபோயிற்று.

பிறகுதான் சறுக்கல்கள் வந்தன. நாலைந்து நாள் ஒழுங்காக இருக்கும். திடீரென்று ஒரு நாள் நடுவீட்டில் ஈரம். சிமெண்டு போட்ட முன்னறையில் இல்லை, சமையற்கட்டில் இல்லை. வீட்டுத் தெய்வத்துக்கு விளக்கேற்றுகிற அந்த மண்தரையில் மட்டும்.

"வெள்ளிக்கெழம பாத்துப் போவுது பாரு. இது நாயில்லடா தம்பி, கெரகம்" என்றாள் அக்கா. அதன் மூக்கை ஈரத்தில் தேய்த்து, துடைப்பத்தால் இரண்டு போட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை அது நடுவீட்டு நெற்குதிருக்குப் பின்னால், ஒருவர் கண்ணிலும் படாமல் போய்விட்டு வந்து, ஒன்றும் நடக்காததுபோல் படுத்துக்கொண்டது. அடி குற்றத்தைக் குறைக்கவில்லை, சாட்சியைத்தான் குறைத்தது. மல்லிகாவும் மாறினாள். யாரும் பார்ப்பதற்குள் தன் பாவாடை நுனியால் துடைத்துவிட்டு மௌனமாக இருக்கக் கற்றுக்கொண்டாள். குட்டியிடம் பேசும் பேச்சும் தணிந்து முணுமுணுப்பாகிவிட்டது.

ஒரு நாள் அக்கா நல்லெண்ணத்தோடுதான் சொன்னாள். "பொட்டப் புள்ளைய நீ எப்படிடா தனியா வளப்பே? என்னோட பாகூருக்கு அனுப்பு. அங்க எம் மருமவ இருக்கா." யோசிக்கலாம் என்றேன். கதவுக்குப் பின்னால் மல்லிகா இருந்தது எனக்குத் தெரியாது. நாயைப் பற்றியும் அன்றே ஒரு முடிவு சொன்னேன்: நடுவீட்டில் இன்னொரு முறை நடந்தால், குட்டி மடுகரையில் உன் தம்பி வீட்டுக்குப் போகும்.

உன் படையல் நாள் வந்தது. சுமங்கலியாகப் போனவளை வீட்டைக் காக்கும் பூவாடைக்காரித் தெய்வமாக அழைத்துப் படைக்க வேண்டும் என்று அக்கா விடியலிலேயே நடுவீட்டை மெழுகினாள். பலகை போட்டு, மஞ்சள் புடவையை மடித்து வைத்து, பூச் சாத்தி, நீ விரும்பிச் சாப்பிடும் வெல்லக் கொழுக்கட்டையை இலையில் வைத்தாள். கற்பூரம் எடுக்கத் திரும்பியவள் மறுபடி பார்த்தபோது, பலகையின் காலடியில் ஈரம். பக்கத்தில் கறுப்பன், வாலை ஆட்டிக்கொண்டு.

"ஐயோ தனம், மன்னிச்சுடும்மா! இந்தச் சனியன..." என்று அவள் துடைப்பத்தைத் தேடுவதற்குள் மல்லிகா முன்னால் வந்து நின்றாள்.

"அது இல்ல அத்தே. நான்தான். நான்தான் போயிட்டேன்."

"இன்னாடி பேசுறே? பத்து வயசுப் பொண்ணு பேசுற பேச்சா இது?"

"நான்தான்."

அவள் பாவாடை காய்ந்திருந்தது. எனக்கு அது பொய் என்று தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ பொய்ச் சாட்சிகளைக் கூண்டில் பார்த்திருக்கிறேன். இவ்வளவு நேராக நின்ற பொய்யைப் பார்த்ததில்லை. அக்கா தரையை மறுபடி மெழுகினாள். படையல் முடிந்தது. அந்தக் கொழுக்கட்டையை நீ எப்படி ஏற்றுக்கொண்டாயோ, தெரியவில்லை.

சொன்ன சொல்லை நிறைவேற்றாவிட்டால் வீட்டில் என் சொல்லுக்கு மதிப்பிராது என்று எண்ணினேன். மறுநாள் காலை வண்டிக்காரன் ஏழுமலையை மாட்டு வண்டி பூட்டச் சொன்னேன். மல்லிகாவும் வருகிறேன் என்றாள். குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வழி நெடுக ஒரு சொல் பேசாமல் வந்தாள்.

சாவடி இருந்த இடத்தில் வண்டி நின்றது.

"ஏன் ஏழுமலை நிறுத்திட்டே?"

"நான் எங்க நிறுத்தினேன் வக்கீலய்யா? இதுங்கதான் நிக்குது. வருஷக் கணக்கா நின்ன எடமாச்சே. கட்டைய எடுத்துட்டாங்கன்னு பேப்பர்ல வந்துது. என் மாடுங்க பேப்பர் படிக்கல!"

அவன் தன் வேடிக்கைக்குத் தானே சிரித்தான். நான் கீழே பார்த்தேன். கட்டையைத் தாங்கிய கம்பங்கள் இருந்த இரண்டு குழிகள் மட்டும் பாதையோரத்தில் கிடந்தன. மாடுகள் அவற்றின் நடுவே, தங்களுக்குக் கற்பித்தபடி, ஒழுங்காக நின்றுகொண்டிருந்தன. அவற்றை அடிக்க அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

"மல்லிகா, கறுப்பனை நீ எந்த இடத்துல பழக்கினே?"

"கொல்லையிலப்பா. எருக்குழி ஓரமா. அம்மா செவலைக்குக் கஞ்சி ஊத்துற எடம்."

"நீ கூட இல்லாம அந்த இடத்தை எப்படி அடையாளம் கண்டுக்கும்?"

"சாணி வாசனைய மோந்து பாக்கும். மோந்ததும் போயிடும்."

"நடுவீட்டுல போனது எல்லாம் எந்த நாள்?"

"வெள்ளிக்கெழம. அத்தை சாணி போட்டு மெழுவுற..." அவள் பாதியில் நிறுத்தினாள். கண்கள் பெரிதாயின. "அப்பா! அதுக்கு அதான் எடம்னு நெனச்சுக்கிச்சு!"

தனம், அறிவிக்கப்படாத சட்டத்தை மீறியதாக எவரையும் தண்டிக்கக் கூடாது என்று நான் நீதிமன்றத்தில் வாதாடுகிறவன். கறுப்பன் வழக்கு அதனினும் வலுவானது. அவன் தனக்குச் சொல்லிக்கொடுத்த சட்டத்தை ஒருமுறைகூட மீறவில்லை. சாணம் மணக்கும் இடமே உன் இடம் என்று கொல்லையில் கற்பித்துவிட்டு, அதே சாணத்தால் நாம் தூய்மை செய்த தரையில் அவனை அடித்தோம். நமக்குப் புனிதத்தின் மணம் எதுவோ, அவனுக்கு அது ஒதுக்குப்புறத்தின் மணம். இதை நாம் எப்போது அவனுக்கு விளக்கினோம்?

வண்டியைத் திருப்பச் சொன்னேன். சிறிது தூரம் வந்ததும் கேட்டேன்.

"நேத்து ஏன் நீதான்னு சொன்னே?"

அவள் குட்டியின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "நான்னா அனுப்ப மாட்டீங்கன்னு பாத்தேன்" என்றாள். குட்டியை இழுத்து அணைத்துக்கொண்டு, "அப்புறம் நானும் பாகூருக்குப் போவணுமாப்பா?" என்றாள்.

நீ பக்கத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

"நீ எங்கயும் போகவேணாம்."

"சத்தியமா?"

"சத்தியம் கோர்ட்டுல பண்றது. வீட்டுல சொன்னாப் போதும்."

"அப்போ இன்னொரு தபா சொல்லுங்க."

சொன்னேன். வீடு வந்து சேரும்வரை அவள் பேசிக்கொண்டே வந்தாள், என்னிடம். யாருடைய பலகை உடைந்தது என்பது இப்போது எனக்கும் தெரியும்.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். "இன்னாடா, போன வண்டி போன வேகத்துல திரும்பி வருது? உங் குட்டிய அவங்களும் வேணாம்னுட்டாங்களா?"

காரணத்தைச் சொன்னேன்.

"அப்போ வூட்ட மெழுவுனது எந் தப்புங்கிறியா?"

"யார் தப்பும் இல்லக்கா. நீ செஞ்சதும் சரி, அது செஞ்சதும் சரி. ரெண்டு சரியும் ஒரே இடத்துல வந்து மோதிடுச்சு."

அவள் வெகுநேரம் நாயைப் பார்த்தாள். "நான் கெரகம்னு நெனச்சேன். சாணியா!" என்று சிரித்தவள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தனம் இருந்திருந்தா மொத வெள்ளிக்கெழமயே கண்டுபுடிச்சிருப்பாடா."

மல்லிகா எங்கே போவாள் என்ற பேச்சை அக்கா அதற்குப் பிறகு எடுக்கவில்லை. துடைப்பம் பழையபடி கூட்டுவதற்கு மட்டும் பயன்படுகிறது.

இப்போது கறுப்பனுக்குப் பூவரச மரத்தடி மணலில் புதிய இடம். எருக்குழிப் பக்கம் விடுவதில்லை. மெழுகுகிற நாளில் தரை காயும்வரை அவன் வெளியே. பழைய பழக்கம் ஒரே நாளில் போய்விடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, போகவும் இல்லை. சென்ற வெள்ளிக்கிழமை, தரை காய்வதற்குள் யாரோ கதவைத் திறந்துவிட்டார்கள். நான் முன்னறையில் ஒரு கட்சிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன். உள்ளிருந்து மல்லிகாவின் குரல், தெருவுக்கே கேட்கும்படி வந்தது.

"அப்பா! கறுப்பன் திரும்பவும் போயிட்டான்! துணி எடுத்துட்டு வாங்க!"

கட்சிக்காரர் முகம் சுளித்தார். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்து, துணியோடு உள்ளே போனேன். அவள் பாவாடை நுனி காய்ந்திருந்தது. குதிருக்குப் பின்னால் யாரும் ஒளிந்திருக்கவில்லை.

தனம், உனக்கு ஒரு வாக்கு. இந்த வீட்டில் சறுக்கியவர் எவரும், சறுக்கியதற்காக வெளியே அனுப்பப்பட மாட்டார். முதலில் நாம் என்ன சொல்லிக்கொடுத்தோம் என்று கேட்கப்படும். அடுத்த ஆண்டுப் படையலில் தரை காயும்வரை நானே வாசலில் காவல் இருப்பேன். உன் மகள் இந்தக் கூரையின் கீழ், அடங்காத அந்தக் குரலோடே வளர்வாள்.

நீ என்னைப் பெயர் சொல்லாமல் எப்படி அழைத்தாயோ, அப்படியே இன்றும் இருக்கிற,

மல்லிகாவின் அப்பா