வாசலுக்கு நேரே ஓர் இடம்

அப்தீன், கெய்ரோ
அக்டோபர் 4

ரீஹாம்,

நல்லா இருப்பேன்னு நெனைக்கிறேன். நானும் நல்லாத்தான் இருக்கேன். போன்ல பேசினா நான் கத்துறேன், நீ அழுறே, அதனால எழுதுன்னு சொன்னே. எழுதுறேன். காலேஜை மூணாவது வருஷத்துல விட்டதுக்கப்புறம் ஒரு பக்கம் முழுசா எழுதுறது இதான் மொதல் தடவை. கையெழுத்தைப் பாத்துச் சிரிக்காதே.

சேதி ஒண்ணே ஒண்ணுதான். நம்ம தெருவுக்குக் குடியிருப்போர் சீட்டு வருது. இனிமே கண்ணாடியில சீட்டு ஒட்டாத கார் ராத்திரி தெருவுல நிக்கக் கூடாது. நின்னா வின்ச் வண்டி வந்து கொக்கி போட்டுத் தூக்கிட்டுப் போயிடும். நேத்து வெள்ளைக் கோடு போட வந்தாங்க. இடம் பிடிக்கிறதுக்குன்னு எல்லாரும் போட்டு வெச்சிருந்த ஒடஞ்ச நாற்காலி, செங்கல், சிமென்ட் ரொப்பின டின் எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிட்டாங்க. தெரு வழிச்செடுத்த மாதிரி இருக்கு. நல்லாவே இல்ல.

தெருவுல கார் நிறுத்த எடம் காட்டுற நம்ம ஸெனூஸி அதே அழுக்குத் துணியைத் தோள்ல போட்டுக்கிட்டு நின்னு பாத்துக்கிட்டிருந்தான். "என்ன ஸெனூஸி, கோடு வந்தாச்சு, உன் பொழப்பு போச்சா?"ன்னு கேட்டேன். "அது எப்படிப் போகும் பாஷா? நம்ம ஊர்க்காரன் கோட்டைக் கண்டா அதுமேலதான் டயரை ஏத்துவான். 'ஒடி, ஒடி, முழுசா ஒடி'ன்னு சொல்ல எவனாவது வேணும்ல"ன்னான்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். நம்ம பில்டிங்குக்கு மூணு கட்டம்தான். கார் இருக்கிற வீடு ஏழு. மூணாவது கட்டம் நம்ம வாசலுக்கு நேரே. முன்னாடி தூண், பின்னாடி நடைபாதை வளைவு. எவனாலயும் மறிச்சு நிறுத்த முடியாது. கதவைத் திறந்தா கார். எப்போ வேணும்னாலும் கெளம்பலாம்.

உனக்கு டிசம்பர்ல லீவு இருக்குன்னு உங்கக்கா சொன்னாங்க. அதுக்குள்ள அந்த இடத்தை வாங்கிடுவேன். நீ வரும்போது கார் வாசல்லயே நிக்கும். இதைச் சொல்லத்தான் எழுதினேன்.

ஹாஸிம்


ஃபஹாஹீல், குவைத்
அக்டோபர் 15

அன்புள்ள ஹாஸிமுக்கு,

உன் கடிதம் வந்தது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்தேன். சிரித்து நாளாகிறது, அதனால் உனக்கு நன்றி.

நான் நலம். முதியவர்கள் வார்டில் வேலை போட்டிருக்கிறார்கள். எல்லாரும் என்னை 'மகளே' என்று கூப்பிட்டுவிட்டு, அடுத்த நிமிடம் நான் யார் என்று கேட்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. விடுதியில் வாரம் முழுவதும் சோறும் கோழியும். நம் தெருமுனை வண்டியில் விற்கும் ஃபூல் அவரைக் கூட்டை நினைத்தால் நாக்கு ஊறுகிறது.

நீ எழுதியது முழுவதும் வண்டி, கோடு, கட்டம். நீ சாப்பிடுகிறாயா என்று எழுதவில்லை. ராத்திரி தூங்குகிறாயா என்று எழுதவில்லை. சின்ன அறையில் இருக்கும் தொட்டிலை யாருக்காவது கொடுத்துவிடு என்று ஏப்ரலில் சொன்னேன். அதைப் பற்றியும் எழுதவில்லை.

நம் கட்டடத்திலேயே குடியிருக்கும் ஸப்ரி மாமாவின் மனைவி எனக்கு அடிக்கடி செய்தி அனுப்புகிறார். மாடிப்படியில் எதிரே வந்தால்கூட நீ மாமாவுக்கு ஸலாம் சொல்வதில்லையாம். பத்து மாதமாகப் போகிறது, ஹாஸிம். வயதானவர்.

டிசம்பர் லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்தால் எங்கே போவது என்று இன்னும் யோசிக்கவில்லை. ஒப்பந்தத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்றும் கேட்கிறார்கள். யாராவது எனக்காகப் பதில் சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ரீஹாம்


அப்தீன்
நவம்பர் 1

ரீஹாம்,

சாப்பிடுறேன். தூங்குறேன். தொட்டில் இருக்கிற எடத்துலயே இருக்கு.

சீட்டுக்கு மனு குடுக்க வட்டார ஆபீஸுக்குப் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இன்ஷிராஹ்னு ஒரு மேடம். மடியில தட்டை வெச்சு வெண்டைக்காய்க்குக் காம்பு கிள்ளிக்கிட்டிருந்தாங்க.

"வாடகைப் பத்திரம் வேற பேர்ல இருக்கே?"

"மாமனார் பேரு மேடம்."

"அப்ப நீ யாரு?"

"மருமகன்."

"அது எனக்குத் தெரியாதா? கல்யாணச் சான்று இருக்கு. பொண்டாட்டி எங்கே?"

"குவைத்ல."

"மாமனார்?"

"அலெக்ஸாண்ட்ரியாவுல."

"அப்ப அந்த வீட்ல குடியிருக்கிறது யாருப்பா?"

"நான்."

"நீ மட்டுமா?"

ஆமான்னேன். அந்தம்மா வெண்டைக்காயைக் கீழ வெச்சிட்டு ஒரு தடவை என்னைப் பாத்தாங்க. அப்புறம் முத்திரை குத்தினாங்க.

ஆனா குத்தி என்ன பிரயோஜனம்? பில்டிங்ல யார் ரொம்ப வருஷமா இருக்காங்களோ அவங்களுக்குத்தான் முன்னுரிமையாம். நமக்கு நாலாவது எடம். மூணாவது யாருன்னு நெனைக்கிறே? ஸப்ரி மாமா. வாசலுக்கு நேரே இருக்கிற கட்டம் அவருக்கு. ஜனவரியிலேர்ந்து அவரு அந்தக் காரைத் தொடவே இல்ல, பின்சந்துல உறை போட்டு மூடிக் கெடக்கு. ஓட்டாத காருக்கு வாசல்ல எடம்!

நேத்து படிக்கட்டுல நின்னுக்கிட்டிருந்தாரு. எனக்காகத்தான் நின்னிருக்காரு, மூச்சு வாங்குது.

"ஹாஸிம், ஒரு நிமிஷம்பா. அந்தக் கட்டத்தை நான் வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன். நீ அடுத்த ஆளு, உனக்கு வந்துடும்."

"எனக்கு உங்க எடம் வேணாம்."

"என் எடம் இல்லப்பா, தெருவோட எடம்."

"உங்க பிச்சை வேணாம்னு சொல்றேன். நகருங்க."

நகந்துட்டாரு. நீ திட்டுவே, தெரியும். திட்டு.

ஆனா நீயே சொல்லு. இந்த ஊர்ல பால் குடிக்கிற பசங்களுக்குக்கூடத் தெரியும், இன்னொருத்தன் காருக்குக் குறுக்கே நிறுத்தினா கியரை நியூட்ரல்ல போட்டு ஹேண்ட்பிரேக்கை எறக்கி விட்டுட்டுப் போகணும்னு. உள்ள இருக்கிறவன் தள்ளிட்டு வெளிய எடுத்துக்குவான். அவரு மருமகன் துபாய்லேர்ந்து வந்து, மாமனார் காரை நம்ம காருக்குக் குறுக்கே நிறுத்தி, அந்த ஊர்ப் பழக்கத்துல பிரேக்கை இழுத்து வெச்சிட்டு மேல போய்ப் படுத்துட்டான். அன்னிக்குக் காலையில நானும் ஸெனூஸியும் ரொட்டிக் கடைக்காரனும் தள்ளினோம், அசையல. நீ என் கோட்டைப் போத்திக்கிட்டுப் படியில உக்காந்திருந்தே. சாவி கேட்டு மணி அடிச்சா எவனும் எழுந்திருக்கல. அப்புறம் அந்தக் காரோட பின்பக்கத்தைக் குலுக்கிக் குலுக்கி நகத்தி நம்ம காரை எடுக்கிறதுக்குள்ள எவ்வளவு நேரம்.

அந்த நேரத்துக்குப் பதிலா அவரு எனக்கு ஒரு கட்டம் குடுக்கிறாராம்.

வேற வழி பாக்குறேன். உன் லீவுக்குள்ள முடிப்பேன்.

ஹாஸிம்


ஃபஹாஹீல்
நவம்பர் 12

அன்புள்ள ஹாஸிமுக்கு,

திட்டவில்லை. திட்டுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

லீவு கிடைத்துவிட்டது. டிசம்பர் கடைசி வாரம். அதை எங்கே கழிப்பது என்று முடிவு செய்யும் முன் ஒன்றை எழுதிவிடுகிறேன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது.

அன்று ஆஸ்பத்திரி வாசலில் என்னை இறக்கினாய். காவலாளி, "இங்கே நிறுத்தாதே, வண்டியை எடு" என்று கத்தினான். நீ நிறுத்த இடம் தேடிப் போனாய். அதனால் டாக்டரம்மா என்னிடம் மட்டும்தான் பேசினார். குழந்தையின் இதயம் முந்தைய நாளே நின்றுவிட்டது என்றார். "நீ பறந்து வந்திருந்தாலும் இதுதான், மகளே" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை சொன்னார்.

இதை உன்னிடம் அன்று சாயங்காலமே சொன்னேன். நீ பிரேக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். மறுநாளும் சொன்னேன். அப்போதும் பிரேக்தான். அதற்கப்புறம் நான் சொல்வதை விட்டுவிட்டேன். அந்த வீட்டில் நம் இரண்டு பேரோடு அந்தப் பிரேக்கும் குடியிருந்தது. எனக்கு அங்கே மூச்சு விட முடியவில்லை. அதனால்தான் இங்கே வந்தேன். சம்பளத்துக்காக இல்லை.

கட்டம் கிடைத்தால் வாங்கிக்கொள். கிடைக்காவிட்டால் விடு. ஆனால் அதை எனக்காக வாங்குகிறேன் என்று சொல்லாதே.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. உன் பழுப்பு ஸ்வெட்டர் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.

ரீஹாம்


அப்தீன்
நவம்பர் 24

ரீஹாம்,

ஸ்வெட்டர் கெடைச்சுது.

எழுத லேட்டாயிடுச்சு. ஆப்ல டாக்ஸி ஓட்டுறவனுக்கு மழை பெஞ்சாதான் நல்ல காலம். மழை பெஞ்சுது. வைப்பரை எவனோ கழட்டிட்டுப் போயிட்டான். தலையை வெளிய நீட்டிக்கிட்டே ஓட்டினேன். வண்டியில இருந்த பெரியம்மா ஒருத்தங்க, "மகனே, எறங்கி நடந்தே போயிடறேன், நீ உயிரோட வீட்டுக்குப் போ"ன்னாங்க.

வெள்ளிக்கிழமை தொழுகைக்கப்புறம் ஸப்ரி மாமா வீட்டுக்குப் போனேன். அத்தை கதவைத் திறந்துட்டு அப்படியே நின்னுட்டாங்க. மாமா பைஜாமாவோட கால்பந்து பாத்துக்கிட்டிருந்தாரு. நான் பக்கத்துல உக்காந்தேன். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஆட்டம் பாத்தோம். எவன் எவனோட ஆடுறான்னுகூட எனக்குத் தெரியாது.

"அந்தக் கட்டம் இன்னும் குடுக்கிறதா இருக்கீங்களா மாமா?"

"இருக்கேன்பா."

"சரி, குடுங்க."

அத்தை டீ கொண்டு வந்தாங்க. சக்கரை எவ்வளவுன்னு கேக்காமலே நாலு கரண்டி போட்டிருந்தாங்க. மறக்கல.

"மருமகன் எப்படி இருக்காரு?"ன்னு கேட்டேன்.

மாமா திரையையே பாத்துக்கிட்டிருந்தாரு. "அவன் இப்பல்லாம் கார் ஓட்டுறதில்லப்பா. வேலைக்கு எவன் வண்டியிலயாவது தொத்திக்கிட்டுப் போறான். பொண்ணு சொல்லிச் சொல்லிப் பாத்துட்டா."

"ஓட்டச் சொல்லுங்க."

"எப்படிப்பா சொல்றது?"

"பிரேக்கால இல்லையாம் மாமா. முந்தின நாளே போயிடுச்சாம். டாக்டர் ரீஹாம்கிட்ட சொல்லியிருக்காங்க."

அவரு ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சாரு. ரொம்பக் கூட்டி வெச்சாரு. நானும் அத்தையும் சமையலறைப் பக்கம் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். அப்புறம் நான் கெளம்பி வந்துட்டேன்.

நீ எங்கிட்ட சொன்னது ஞாபகம் இல்ல. ரெண்டு தடவை சொன்னேன்னா சொல்லியிருப்பே.

ஹாஸிம்


அப்தீன்
டிசம்பர் 6

ரீஹாம்,

சீட்டு வந்துடுச்சு. பச்சைக் கலர். இன்ஷிராஹ் மேடம் கையில குடுத்து, "உள்பக்கமா ஒட்டு, வெளிய ஒட்டினா உரிச்சு வித்துடுவானுங்க"ன்னாங்க. உள்பக்கமாத்தான் ஒட்டியிருக்கேன்.

நேத்து சாயங்காலம் ஓட்டம் முடிச்சு வந்தேன். எடம் காலியா இருந்துச்சு. ஸெனூஸி ராஜா மாதிரி கை காட்டி உள்ள விட்டான். ஒரே ஒடிப்புல நேரா நின்னுடுச்சு. இஞ்சினை நிறுத்தினேன். அவ்வளவுதான். எறங்க வேண்டியதுதான்.

எறங்கல. தெனமும் வேலை முடிஞ்சு அந்தத் தெரு, இந்தத் தெரு, சதுக்கம், மறுபடி அந்தத் தெருன்னு சுத்துவேன்ல. எவன் எங்க கெளம்புறான், எவன் சாவியைக் கையில எடுக்கிறான்னு பாத்துக்கிட்டே சுத்துவேன். அந்த நேரத்துல வேற எதுவும் தலைக்குள்ள வராது. மேல வந்ததும் விழுந்து தூங்கிடுவேன். நேத்து சுத்தறதுக்கு ஒண்ணும் இல்ல. சும்மா உக்காந்திருந்தேன். ஸெனூஸி கண்ணாடியைத் தட்டி, "பாஷா, இது உங்க சொந்த எடம், எவனும் பிடுங்கிட மாட்டான், மேல போங்க"ன்னான். அழுதுக்கிட்டிருந்தேன்னு அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. அவன் தோள்ல இருந்த துணியை நீட்டினான். எத்தனை கார் தொடைச்ச துணியோ. வாங்கித் தொடைச்சுக்கிட்டேன்.

ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நான் நிறுத்த எடம் கெடைச்சு மேல வர்றதுக்குள்ள பிள்ளையைத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க. அடக்கம் பண்ணப் போகும்போது உங்கப்பா மடியில வெச்சுக்கிட்டாரு, நான் காரை ஓட்டினேன். அங்கயும் நான் காரை ஓரமா விட்டுட்டு ஓடி வர்றதுக்குள்ள மண்ணு போட ஆரம்பிச்சிட்டாங்க. நான் பாக்கவே இல்ல, ரீஹாம்.

நீ பாத்தியா? எப்படி இருந்தா?

ஹாஸிம்


ஃபஹாஹீல்
டிசம்பர் 14

ஹாஸிம்,

பார்த்தேன்.

தலை நிறைய முடி, ஈரமாக, கறுப்பாக. காது மடல் மேலே கொஞ்சம் மடிந்திருந்தது, உன்னுடையதைப் போலவே. ஒரு கை மூடியிருந்தது, இன்னொரு கை திறந்திருந்தது. நகங்கள்கூட இருந்தன. முகத்தில் வலி ஒன்றும் இல்லை. தூங்கும்போது நீ உதட்டைச் சுழிப்பாயே, அப்படி இருந்தாள். செவிலி போதும் என்று சொல்லும்வரை வைத்திருந்தேன்.

கட்டில் ஜன்னல் ஓரமாக இருந்தது. கீழே நம் வண்டி ஆஸ்பத்திரியைச் சுற்றிப் போனது தெரிந்தது. மறுபடியும் சுற்றிப் போனது. அவளை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.

நீ எப்போது கேட்பாய் என்று ஜனவரியிலிருந்து காத்திருந்தேன்.

டிசம்பர் இருபத்தாறாம் தேதி நேராக அலெக்ஸாண்ட்ரியாவுக்கு, அக்கா வீட்டுக்குப் போகிறேன். கெய்ரோவுக்கு வரவில்லை. அந்தப் படிகளில் ஏற இன்னும் என்னால் முடியாது. முடியும் நாள் வருமா என்றும் தெரியாது. ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

நீ அங்கே வா. அக்கா வீட்டுத் தெருவில் நிறுத்த இடம் கிடைக்காது. ரயிலில் வா.

ரீஹாம்