மூன்றரைக் கிலோ

வாயாடிக்கு,

போனில் பேசினால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

உன் அம்மா வீட்டில் நீயும் குழந்தையும் சுகம்தானே? நான் தினமும் கூடத்துக்கும் சமையலறைக்குமாக இருபது தடவை நடக்கிறேன். "மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ், நரம்பு வியாதின்னு உட்கார்ந்துடாதீங்க சார், நடக்க நடக்கத்தான் விழறது குறையும்" என்கிறார் பிசியோதெரபிஸ்ட். இப்போதெல்லாம் சுவரைத் தொடுவதே இல்லை, தெரியுமா?

போன வாரம், கையில் சுமையோடு நடந்து பழகச் சொன்னார். நம் மகள் மூன்றரைக் கிலோ என்று நீ சொன்னாயே, அதே எடைக்கு மாவுப் பொட்டலத்தைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். ஆறு நாள் ஒரு குறையும் இல்லை.

இன்று காலை பொட்டலம் எனக்கு அடியில் சிக்கிக் கிழிந்துவிட்டது. முழங்கை சும்மா ஒரு சிராய்ப்புதான். வெறும் மாவு என்று தெரியும். ஆனாலும் அந்தத் துண்டைப் பிரித்துப் பார்க்க வெகுநேரம் எனக்குத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கியதும் வழக்கமான அவசரத்தில், "இந்தாங்க, உங்க பொண்ணைப் பிடிங்க" என்று வாசலிலேயே நீட்டிவிடாதே. நான் முதலில் உட்கார்ந்துகொள்கிறேன். அப்புறம் கொடு.

உன் தள்ளாட்டக்காரன்