மீதி இரண்டு பேர்

செவ்வாய், இஷாத் தொழுகைக்குப் பிறகு.

இன்னும் கோபம் ஆறவில்லை.

என் தரம் ஆறு வகுப்பில் றிஸ்னா என்றொரு பிள்ளை. கணிதப் பாடம் என்றால் அவளுக்கு வயிற்றுவலி வந்துவிடும். வாப்பா கலியாண வீடுகளுக்குச் சமைப்பவர். சாப்பாட்டுக் கதை என்றால் மட்டும் றிஸ்னாவின் வாய் மூடாது. அதனால் இன்று வகுத்தலை, விருந்துக்கு வைக்கும் பெரிய வட்டத் தட்டான சஹனில் தொடங்கினேன். ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுவார்கள், ஐம்பது பேருக்கு எத்தனை சஹன் என்று கேட்டுவிட்டு, நானே பலகையில் எட்டு, மீதி இரண்டு என்று எழுதினேன்.

"பிழை டீச்சர். ஒம்பது சஹன் வேணும். மிச்ச ரெண்டு பேரையும் பசியோட அனுப்புறதா?" என்றாள் றிஸ்னா.

வகுப்பே சிரித்தது. நான் எழுதியதை அழித்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பகுதித் தலைவர் உள்ளே வந்தார். "இது ஸ்கூலா, கலியாண ஊடா? புத்தகத்துல உள்ளதப் படிச்சிக் குடுங்க" என்று பிள்ளைகள் முன்னாலேயே சொன்னார்.

"புத்தகத்துப்படி அம்பது பேருக்கு எட்டு சஹன்தான் வரும் சேர். உங்கட மகள்ர கலியாணத்துக்கும் எட்டே வைப்பமா?" என்று கேட்டுவிட்டேன். கொஞ்சம் கூடிப்போய்விட்டதோ... இருக்கட்டும்.

மணி அடித்ததும் றிஸ்னா என் பின்னால் ஓடி வந்தாள். "டீச்சர், நூத்தி முப்பது பேர் வந்தா? சொல்லாதீங்க, நானே செஞ்சு பார்க்கிறன்."

விளக்கம் கேட்டுக் கடிதம் வரலாம். வரட்டும். நாளைப் பாடம் வட்டம். வீட்டிலுள்ள பெரிய சஹனைக் கழுவி வைத்துவிட்டேன். எந்தப் பைக்குள்ளும் அது அடங்காது. பகுதித் தலைவரின் அலுவலக வாசலால் கையிலேயே கொண்டு போவேன்.