இடம் மாறிய நீல ஒயர்

மேடம், சால்டரிங் புகை வாசம் வந்தால் இன்னமும் திரும்பிப் பார்க்கிறேன். அதற்கு முதல் தும்மல் உங்களுடையதுதானே. அடையாறு ஆய்வகத்தில் இப்போது உங்கள் நாற்காலியில் உட்காரும் பெண் தும்முவதில்லை, மாஸ்க் போட்டுக்கொள்கிறாள்.

நான் ஐந்தாவதோடு நின்றவன். திரவ ஹீலியம் ஊற்றுவதும், நகத்தளவு உலோகத் துண்டுகளுக்கு ஒயர் வைப்பதும் என் வேலை. கடுங்குளிரில் அவற்றுக்குள் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும் என்பீர்கள். ஒருநாள் ஒரு துண்டு மட்டும் வம்பு செய்தது. ஒரு பக்கமாக விட்டால் மின்சாரம் வழுக்கிக்கொண்டு போயிற்று. அதே அளவை எதிர்ப்பக்கமாக விட்டால் தடை எழுந்துவிட்டது.

"இன்னா மேடம், பனகல் பார்க் ஒன்வே மாரி கீது?" என்றேன்.

"எதிர்த்தாப்ல வந்தா அங்க போலீஸ் பிடிப்பான், இங்க தடை பிடிச்சுக்கறது" என்று சிரித்தீர்கள். அப்புறம், மீட்டரின் கோளாறாகவும் இருக்கலாம், நாளைக்கு இன்னொரு தரம் பார்க்கலாம் என்றீர்கள்.

மறுநாள் திசை தலைகீழாகிவிட்டது. உங்கள் முகம் வாடியது. 'மீட்டர் பிழை, நம்ப முடியாது' என்று நோட்டில் எழுதி மூடினீர்கள். நீங்கள் கண்மூடும்வரை அதைத் திறக்கவே இல்லை.

திசை தலைகீழான அன்று காலையில் ஒயர்கள் பிய்ந்திருந்தன. சிவப்பு எப்போதும் இடப்பக்கம் என்பது நம் வழக்கம். ஆனால் மிச்சமிருந்த சிவப்பு அங்கே எட்டவில்லை. நீலத்தை இடப்பக்கம் வைத்து, சிவப்பை வலப்பக்கம் மாற்றினேன். மின்சாரத்துக்கு நிறமா தெரியும் என்று நினைப்பு. உங்கள் முகத்தைப் பார்த்ததும் சந்தேகம் தட்டியது. உங்களையே கிண்டல் செய்கிற வாய், அன்றைக்கு அதைச் சொல்லத் திறக்கவில்லை.

போன மாதம் அந்தப் பெண் நோட்டைப் படித்துவிட்டு, இந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டாள். நீல ஒயர் கதையை அவளிடம் சொல்லிக் கொட்டிவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தால், எழுந்து நின்றுவிட்டாள்.

"அண்ணே, ஒயர மாத்துனதும் திசையும் மாறிச்சுன்னா, தப்பு மீட்டர்ல இல்ல. அந்தக் குணம் துண்டுலயே இருக்கு."

வேண்டுமென்றே மூன்று முறை மாற்றி வைக்கச் சொன்னாள். மூன்று முறையும் திசை மாறியது. உங்கள் வரிக்குக் கீழே 'ஒயர் மாறியிருந்தது, மேடம் அளந்தது சரி' என்று எழுதி, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். சிலிண்டர் ரசீதைத் தவிர எதிலும் போடாத கை, எழுத்து கோணலாகத்தான் வந்தது. வெளியே வந்து நிம்மதியாக ஒரு டீ குடித்தேன்.

இப்போதெல்லாம் ஒயர் வைக்கும்போது, "சிவப்பு இடது, நீலம் வலது" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே வைக்கிறேன். அந்தப் பெண் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். உங்களுக்குக் கேட்க வேண்டுமே, மேடம்.