சக்கர மூடியில் குங்குமக் கோடு

குத்துக்கல்வலசை
ஆனி 26, வியாழன்

அன்புள்ள அருணுக்கு,

அம்மா எழுதுகிறேன். பட்டாள முகாமின் அந்தக் குளிரில் உன் மூக்கில் ரத்தம் வருவது நின்றிருக்கும் என்று நம்புகிறேன், நிற்காவிட்டால் மறைக்காமல் அங்குள்ள டாக்டரிடம் காட்டு. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்பாவும் சுகம் என்று அடுத்த வரியை எழுதிவிட்டுப் போகலாம், எப்போதும் அப்படித்தான் எழுதுவேன். இந்தத் தடவை அந்த ஒரு வரிக்குப் பதிலாக நாலு பக்கம் எழுதவேண்டியிருக்கிறது. போனில் பேச முடியாது. நீ கூப்பிட்டால் அவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். இதுவரை ஆசையில் உட்காருகிறார் என்று நினைத்தேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது.

நம் ரிப்பேர் செட்டில் ஒரு ஜெர்மன் லாரி நிற்கிறது என்று சொன்னேன் அல்லவா. அந்த ஊரில் தீயணைக்கப் போய்க்கொண்டிருந்த வண்டியாம், உன்னைவிடப் பதினைந்து வயது மூத்தது. பின்னால் தண்ணீர்த் தொட்டி இருந்த இடத்தில் ஒரு சின்ன வீட்டையே கட்டி வைத்துக்கொண்டு, வயதான கணவன் மனைவி இரண்டு பேர் நாடு நாடாகச் சுற்றி வருகிறார்கள். ஆரியங்காவு வழியாக இறங்கும்போது முன்சக்கரத்தில் புகை வந்து, செங்கோட்டையில் யாரோ உன் அப்பா பெயரைச் சொல்லி, கட்டி இழுத்து வந்தார்கள். உள்ளே பேரிங் தூள் தூளாகப் போயிருந்தது. புது பேரிங் அவர்கள் ஊரிலிருந்து வர மூன்று வாரம் ஆனது. வெளிநாட்டு வண்டி என்பதால் அவர்கள் பேப்பர்படி அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் இந்தியாவை விட்டு வெளியே போயாக வேண்டும். அவர்கள் ஐந்தருவிப் பக்கம் லாட்ஜில் தங்கிக்கொண்டு தினமும் பத்து மணிக்கு ஆட்டோவில் வந்துவிடுவார்கள். எனக்கு முதலில் அந்த வண்டி மேலேயே சந்தேகம்தான். பின் கதவில் மூன்று பூட்டு. அப்படி என்னத்தைப் பூட்டுகிறார்கள் என்று சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்த அந்த அம்மா ஒருநாள் தானே கதவைத் திறந்து ஏணி போட்டு என்னை ஏற்றிவிட்டாள். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, வண்டி குலுங்கினாலும் விழாதபடி குறுக்கே கயிறு கட்டிய ஒரு அலமாரி நிறையப் புத்தகம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதிலிருந்து பாடம் கற்றிருக்க வேண்டும், கற்கவில்லை.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு, நீ சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். எதைக் கழற்றி மாட்டினாலும் கடைசி போல்ட்டை இறுக்கிய பிறகு குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்து, போல்ட் தலையிலிருந்து மூடிவரை ஒரு கோடு இழுப்பார். வருகிறவர்கள் பக்தி என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். போல்ட் ஒரு நூல் அசைந்தாலும் கோடு உடைந்துவிடும் என்பது நமக்குத் தெரியும். போன வாரம் திங்கட்கிழமை அந்த முன்சக்கரத்தை முடித்துக் கோடு போட்டார். செவ்வாய் காலையில் நான் செட்டைப் பெருக்கிச் சூடம் காட்டப் போனபோது கோடு இருந்தது, ஆனால் அது அவர் கோடு இல்லை. அவர் கோடு தலைவாரிய வகிடு மாதிரி இருக்கும். இது தடித்து, ஓரத்தில் இழுசிக்கொண்டு இருந்தது. பழைய கோட்டைத் துடைத்த சிவப்பும் பக்கத்திலேயே தெரிந்தது. யாரோ மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, தெரியக்கூடாது என்று திரும்பவும் கோடு போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் அந்தக் கோடு எதற்கு என்று தெரிந்த ஆள். அந்த ஜெர்மன்காரர் இல்லை. செட்டுக்கு இரண்டே சாவி, ஒன்று நம் வீட்டு ஆணியில், இன்னொன்று துல்கர்னைன் அண்ணனிடம்.

அருண், இதை எழுதவே கை கூசுகிறது. நீ பிறப்பதற்கு முன்பிருந்து நம் செட்டில் வயரிங் பார்க்கிறவர். உனக்கு முதல் ஸ்பேனரைக் கையில் கொடுத்தவர். ஆனால் சுரண்டையில் அவர் தனியாகக் கடை போட இடம் பார்க்கிறார் என்று முத்துலட்சுமி சித்தி எப்போதோ சொன்னது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. அப்பா செய்த வேலையைக் கெடுத்துவிட்டு, பெயர் கெட்டதும் வாடிக்கையை அவர் இழுத்துக்கொண்டு போகப்போகிறார் என்று நானாகவே கதையை முடித்துவிட்டேன். நூலகத்திலிருந்து துப்பறியும் நாவலாக எடுத்து வருகிறாயே, ஒருநாள் வீட்டிலேயே ஆளைப் பிடிக்கப் போகிறாய் என்று நீ கேலி செய்வாய். பிடிக்கத்தான் போனேன். புதன்கிழமை சாயங்காலம் அவரிடம் போய், வீட்டில் இருக்கும் செட்டுச் சாவி சரியாகத் திறக்கவில்லை, உங்கள் சாவியைக் கொடுங்கள் என்று பொய் சொல்லி வாங்கிக்கொண்டேன். பூட்டுக்கு எண்ணெய் விடட்டுமா மதினி என்று மட்டும் சொன்னார். அன்றைக்கே மூடியின் அடிப்பக்கம், குனிந்து பார்த்தால்கூடத் தெரியாத இடத்தில், போல்ட்டையும் மூடியையும் சேர்த்து என் கண்மையால் ஒரு கோடு இழுத்தேன்.

வியாழக்கிழமை காலையில் மேலே குங்குமக் கோடு முழுசாக இருந்தது. கீழே என் கண்மைக் கோடு இரண்டாக உடைந்திருந்தது. துல்கர்னைன் அண்ணன் சாவியோ என் பெட்டியில். ஆளும் முந்தின ராத்திரியே மச்சினி கல்யாணத்துக்குச் சுரண்டைக்குப் போய்விட்டார். மறுபடி மையை இழுத்து வைத்தேன், வெள்ளி காலையும் அப்படியே. மிச்சம் இருந்தது நம் வீட்டு ஆணியில் தொங்கிய சாவி.

இதற்கு நடுவில் இன்னொன்று. அந்தச் செவ்வாயிலிருந்து அப்பா ஐந்து மணிக்கு எழுந்து, கூட்டம் வருவதற்குள் குற்றாலம் மெயினருவியில் குளித்துவிட்டு வருகிறேன் என்று துண்டை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். ஆறரைக்குத் தலை ஈரமாகத் திரும்பி வருகிறார். துண்டு மட்டும் மடித்தது மடித்தபடி. இந்தச் சாரலில் வீட்டில் காயப்போட்ட துணியே மூன்று நாள் காய்வதில்லை, அருவியில் குளித்தவர் துண்டு எப்படிக் காய்ந்திருக்கும். நான் என்னென்னவோ நினைத்தேன். பெற்ற பிள்ளைக்கு எழுதக்கூடியது இல்லை, விட்டுவிடுகிறேன். சனிக்கிழமை அவர் பைக் சத்தம் அடங்கியதும் குடையை எடுத்துக்கொண்டு நடந்தே செட்டுக்குப் போனேன். பைக் வாசலில் நின்றது. ஷட்டர் முழங்கால் அளவு திறந்திருந்தது.

உள்ளே அந்த ஜெர்மன் சக்கரத்துக்கு முன்னால் உன் அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். மூடி கழற்றி வைத்திருந்தது. நடு நட்டை இறுக்குகிறார், தளர்த்துகிறார், சக்கரத்தைப் பிடித்து ஆட்டுகிறார், மறுபடி இறுக்குகிறார். அது முழுக்க இறுக்கி, பிறகு கொஞ்சமாகத் தளர்த்தி, ஆட்டமும் இல்லாமல் பிடிப்பும் இல்லாமல் கைப்பக்குவத்தில் நிறுத்த வேண்டிய நட் என்று எனக்கு இப்போதுதான் தெரியும், உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அதன் பிறகு வெளிப்பக்க பேரிங்கை வெளியே எடுத்துத் துணியால் துடைத்தார். துடைத்து, கீழ் உதட்டில் வைத்து மெதுவாக உருட்டினார். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு உருளையாக உருட்டினார். நான் அங்கேயே நின்றுவிட்டேன். குடையிலிருந்து தண்ணீர் சொட்டுவதைக் கேட்டுத் திரும்பினார். அதிரவில்லை, கோபப்படவும் இல்லை. "வெரலு செத்துப்போச்சுட்டி. மணல் இருக்கா இல்லையான்னு உதடுதான் இப்பம் சொல்லுது" என்றார்.

ஒரு வருஷமாக இருக்கிறதாம். சர்க்கரைதான். முதலில் காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்ததாம், பிறகு அது நின்றதும் குணமாகிவிட்டது என்று நினைத்தாராம், அந்த லட்சணத்தில் மாத்திரையையும் பாதி நாள் போடவில்லை. இப்போது கை விரல் நுனி. மற்ற வேலையைப் பழக்கத்தில் செய்துவிடுகிறார். இந்த நட் ஒன்றில்தான் மாட்டிக்கொண்டார். திங்கட்கிழமை முடித்ததிலிருந்து சரியாக நின்றதா என்று நம்பிக்கை வரவில்லை, தினமும் கழற்றிப் பார்த்திருக்கிறார், தினமும் கோடு போட்டிருக்கிறார். அந்தக் கோடும் கோணிவிட்டது என்று அவருக்கே தெரியவில்லை. மூன்று நாள் நான் தேடிய திருடன் என் பக்கத்தில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்த இரண்டு கிழங்களும் இந்தச் சக்கரத்தை நம்பி இன்னும் எத்தனை மலை ஏறி இறங்கப்போகிறார்கள் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அவர்களிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றேன். ஊருக்குத் தெரிந்தால் செட்டை மூட வேண்டியதுதான் என்றார். அப்புறம் எழுந்து, "சரி, நீ வந்து கைய வை" என்றார். கிரீஸ் என் முழங்கை வரை. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டச் சொன்னார், கொடகொடவென்றால் சொல், இல்லை அமுக்குகிற மாதிரி இருந்தாலும் சொல் என்றார். எட்டாம் தடவை இரண்டும் இல்லாமல் சக்கரம் சும்மா சுற்றியது. அதைச் சொன்னதும் நட்டைப் பூட்டச் சொல்லி, குங்குமக் கிண்ணத்தை என்னிடம் தள்ளினார். கோட்டை நான் போட்டேன்.

பத்து மணிக்கு அவர்கள் வந்ததும் அப்பாவே உடைந்த இங்கிலீஷில் விரலைக் காட்டிச் சொன்னார். அந்த மனுஷன் மூடியைத் திறக்கச் சொல்லி, பெட்டியிலிருந்து ஒரு அளவுமானியை எடுத்து ஒட்டவைத்து, சக்கரத்தை அசைத்து முள்ளைப் பார்த்தார். சரியாக இருக்கிறது, ஆனால் ஓட்டிப் பார்த்த பிறகுதான் நம்புவேன் என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. புளியரை வரை போய்த் திரும்பினோம். நானும் போனேன். மூன்று இடத்தில் வண்டியை நிறுத்தி, ஏணியில் இறங்கி, அத்தனை பேர் பார்க்கச் செங்கோட்டை ரோட்டில் லாரிச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன். எப்போதும் அப்பா புறங்கையால் பார்ப்பதுதான், சூடு இப்போது அவருக்குத் தெரிவதில்லை. கடைசியில் இளஞ்சூடு, அவ்வளவுதான். நேற்றுக் காலை அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

வண்டி போய்விட்டது, என் சந்தேகம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை துல்கர்னைன் அண்ணன் வந்ததும் சாவியைத் திரும்பக் கொடுத்து, வாங்கிய காரணத்தையும் மறைக்காமல் சொன்னேன். போலீசில் சேர்ந்திருக்க வேண்டிய ஆள் மதினி நீங்க என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அவர் கண்வரை போகவில்லை, அது ஆற நாளாகும். உங்க அண்ணாச்சி கை விஷயம் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா என்று கேட்டேன். "தம்பிகிட்ட கேளுங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, உடனே ஒரு வயரை எடுத்து வாயில் கடித்துக்கொண்டார்.

ஆகவே கேட்கிறேன். தை மாதம் நீ லீவில் வந்தபோது அப்பா உள்ளங்கையில் பெரிய கொப்புளம். எப்படி என்று அவரிடம் கேட்டேன். வெந்நீர் பட்டுவிட்டது என்று நீதான் சொன்னாய். கை அவருடையது, பதில் உன்னுடையது. அது சைலன்சர் சூடு என்று அவரே இப்போது சொல்லிவிட்டார். போன மாதம் அவருக்கு மட்டும் கனத்த காலுறை ஆறு ஜோடி அனுப்பினாய், தென்காசியில் காலுறை போடுகிற குளிரா அடிக்கிறது? இரண்டு தடவை போனில், அப்பா வெறுங்காலோடு நடக்கிறாரா என்று கேட்டாய். அருணுக்குத் தெரியுமா என்று அவரிடம் கேட்டேன், கேட்டு முடிப்பதற்குள் தெரியாது என்றார். நான் கவலைப்படுவேன் என்று மறைத்திருப்பீர்கள். மறைத்ததால் என்ன ஆனது பார், இருபது வருஷத்துக்கு மேல் கூட இருந்த ஒரு மனுஷனைத் திருடனாக நினைத்துவிட்டேன், ஆறு மாதம் வைத்தியம் பார்த்திருக்க வேண்டிய விரலையும் விட்டுவிட்டோம். பயப்படுவது எனக்குப் பழக்கம்தான், யாரைப் பார்த்துப் பயப்படுவது என்று தெரியாமல் இருந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை திருநெல்வேலியில் டாக்டரைப் பார்க்க நாள் வாங்கியிருக்கிறேன். மாத்திரை இப்போது என் கையிலிருந்துதான் போகிறது, விழுங்கிய பிறகு வாயைத் திறந்து காட்டச் சொல்கிறேன். நீ அவருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. இனி சக்கர வேலைக்கு அளவுமானி வைத்துக்கொள்ளச் சொல், நான் சொன்னால் அவருக்கு ரோஷம் வருகிறது, பட்டாளத்தில் வண்டி வேலை பார்க்கிற எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம் என்று நீ சொன்னால் கேட்பார். எனக்கும் பதில் எழுது. தெரியும் என்றால் தெரியும் என்று எழுது, திட்டமாட்டேன். போனில் சொல்லாதே. உன் விரல்களையும் குளிரில் பார்த்துக்கொள், வெறும் கையோடு இரும்பைத் தொடாதே. குற்றாலநாதர் உன்னை எந்த ஊனமும் இல்லாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும், நல்லா இருய்யா.

உறையை ஒட்டிய பிறகு மடிப்புக்குக் குறுக்கே குங்குமத்தில் ஒரு கோடு போடுகிறேன். அங்கே கைக்கு வந்ததும் பிரிப்பதற்கு முன்னால் பார். கோடு நேராக இருந்தால் இதை நீ மட்டும்தான் படிக்கிறாய். தடித்து, கோணியிருந்தால், தபாலில் போடுகிறேன் என்று வாங்கிக்கொண்டு போகப்போகிற உன் அப்பாவும் பிரித்துப் படித்துவிட்டார் என்று அர்த்தம்.

உன் அம்மா,
அனுசியா உச்சிமாகாளி