காற்று எப்போது திரும்பியது என்று கேட்ட மகனுக்கு

குருநகர், யாழ்ப்பாணம்
ஜனவரி 7

அன்பு மகன் எமில்ராஜுக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம், என் முழங்கால் ஒன்றைத் தவிர. நீயும் சுகம் என்று ஒவ்வொரு முறையும் போனில் சொல்கிறாய், நல்லது, ஆனால் எங்கே இருந்துகொண்டு சுகம் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். போனில் கேட்டால் உடனே உனக்கு லைன் அறுந்துவிடுகிறது, கடிதம் அறுந்துபோகாது, ஆகவே எழுதுகிறேன். உன் கூட்டாளி லெனாட் லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்புகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் இருவரும் ஒரே சாமான் ஸ்ரோரில் வேலை, ஒரே அறை என்கிறானே, அப்படியென்றால் நாளை மறுநாளே உன் கையில் கிடைக்க வேண்டும், பார்ப்போம்.

இந்த மாரியில் புயலுக்குக் குறைவில்லை. ஒன்று போய் ஈரம் காயுமுன் அடுத்த தாழமுக்கம் என்று வானொலியில் சொல்கிறார்கள், வள்ளங்களை இழுத்து ஏற்றுவதும் இறக்குவதுமாகவே எல்லோருக்கும் நாள் போகிறது. நவம்பர் கடைசியில் பெரியது வந்தபோது வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குப் போன் எடுத்தார்கள். கூரை கிடக்கிறதா, வெள்ளம் வந்ததா, சாப்பிட்டீர்களா என்று கேட்டார்கள். நீ மட்டும் எடுத்த எடுப்பில், "அப்பா, காத்து எந்தப் பக்கம்? எப்ப திரும்பினது?" என்று கேட்டாய். நான் நாற்பது வருடம் கடலில் கிடந்தவன். புயலின் நடு எந்தப் பக்கத்தால் போகிறது என்று பார்க்கத்தான் அந்தக் கேள்வி கேட்பார்கள். ஸ்ரோரில் பெட்டி அடுக்குகிறவனுக்கு அது எதற்கு? எனக்குக் கோபம் வந்து, தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் உன் சத்தமே இல்லை. கேட்டால் போன் பழுது என்றாய். நான் கலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். மே மாதம் அரபிக்கடலில் புயல் என்றார்கள், அப்போதும் உன் போன் பழுது. ஒக்டோபரிலும் அப்படித்தான். புயலைப் பார்த்துப் பழுதாகிற போனை நான் இதுவரை கண்டதில்லை. வீடியோவில் உன் மேசையையும் பார்த்தேன், நனைத்த துணி விரித்து அதன் மேல் தேத்தண்ணிக் கோப்பை வைத்திருந்தாய். கோப்பை வழுக்காமலிருக்க வள்ளத்தில் நானும் அப்படித்தான் செய்வேன். எந்த ஊர் ஸ்ரோரில் மேசை ஆடுகிறது, மகன்? லெனாட் நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டுக்கு வந்தபோது உங்கள் அறைக் கதவு என்ன நிறம் என்று கேட்டேன். நீலம் என்றான், பிறகு பச்சை என்றான், பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டே கேக் முழுவதையும் சாப்பிட்டு முடித்தான்.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. தெரிந்தால் படுத்துவிடுவாள் என்று பயந்தேன். இங்கே மாரி காலத்தில் கடலில் நிற்பவர்களின் பெயரையும் வள்ளத்தின் பெயரையும் கோயில் கொப்பியில் எழுதி, வார நாள் காலைப் பூசையில் வாசிப்பது உனக்குத் தெரியும். கரையில் இருப்பவனை அதில் எழுதமாட்டார்கள். நேற்று இன்னொரு தாழமுக்கம் என்று கேட்டதும், பூசை முடிந்து ஆட்கள் போகும்வரை வெளியே நின்றுவிட்டு, உன் பெயரைக் கொடுக்க, அந்தக் கொப்பியை வைத்து வாசிக்கிற றெஜினாவிடம் போனேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "மகன்ரை பேர் ஒக்டோபரிலையே கிடக்கு அண்ணை, அக்கா வந்து எழுதினவ," என்றாள். பார்த்தேன், அம்மாவின் கோணல் எழுத்துத்தான். எமில்ராஜ். பக்கத்தில் கப்பலின் பெயருக்கு இடம் விட்டிருக்கிறாள், வெறுமையாகக் கிடக்கிறது. நான் ஞாயிறு மட்டும் பூசைக்குப் போகிறவன், ஆகவே குருநகரில் எனக்கு மட்டும்தான் தெரியாது. வழியில் வணக்கம் சொன்னவர்களை எல்லாம் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அம்மா தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். ஏன் மறைத்தாள் என்று எனக்குத் தெரியும். புயலில் போன என் தம்பியின் படத்துக்கு முன்னால், கடலுக்குப் போகமாட்டேன் என்று உன்னிடம் சத்தியம் வாங்கியவன் நான்தானே. அவள் புயலுக்குப் பயப்பட்டாளோ எனக்குப் பயப்பட்டாளோ, மூன்று மாதம் தனியே பயந்திருக்கிறாள். அதை நினைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மகன், அந்தச் சத்தியத்தை நான் விட்டுவிட்டேன். இனிப் பொய் வேண்டாம். உன் கப்பலின் பெயரை எழுது. றெஜினா ஒவ்வொரு நாளும் உன் பெயரை வாசித்து, கப்பலின் பெயர் வர வேண்டிய இடத்தில் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் அடுத்த பெயருக்குப் போகிறாளாம்.

நேரத்துக்குச் சாப்பிடு, செபமாலையைக் கழுத்திலிருந்து கழற்றாதே. தேவமாதா உன்னையும் உன்னோடு நிற்பவர்களையும் காப்பாற்றுவாள், எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு. நவம்பரில் நீ கேட்டதற்குப் பதில் அன்றே எனக்குத் தெரியும். காலை பத்து மணிக்குக் காற்று வாடை விட்டு மேற்காகத் திரும்பியது. இனி நீ கேட்டால் கரைக்குப் போய்ப் பார்த்துச் சொல்வேன்.

உன் அப்பா
அருட்பிரகாசம்